முல்லை மறந்த மூன்றாவது முடிவு

தமிழ் இலக்கியத்தில் படைவீரனுடைய இல்லறத்துக்கு இரண்டே முடிவுகள் உண்டு. அவன் வென்று மீள்வான். வாசலில் காத்திருந்தவள் முகம் மலர்வாள். அன்றேல் அவன் களத்தில் மாள்வான்; அவள் கைம்மை நோன்பு நோற்பாள், அல்லது அவனோடு தீப்புகுவாள். முன்னதை முல்லை என்று போற்றினர் நம் முன்னோர். பின்னதற்குப் புறத்திணையிலே துறைகள் வகுத்துப் பெயர்களும் இட்டனர்.

ஆயின், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலை உலகில் உண்டு. அவன் மாளவுமில்லை, மீளவுமில்லை. அல்லது மீண்டான், ஆனால் போனவன் வேறு, வந்தவன் வேறு. அல்லது இருக்குமிடம் தெரிந்தும், இல்லாதவனாகவே இருந்துவிட்டான். இந்நிலைக்கு நம் பொருளிலக்கணத்தில் திணையும் இல்லை, துறையும் இல்லை. மணவிலக்கு என்பது இந்த மூன்றாவது முடிவுக்கு உலகம் கண்ட மருந்து. அம்மருந்தைப் பற்றி நம் இலக்கியம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வி ஏட்டிலிருந்து எழுந்ததன்று. பினாங்கு நகரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு தேநீர்க்கடை மேசையின் எதிர்ப்புறத்திலிருந்து எழுந்தது. நாம் செபராங் பிறையில் ஒரு தோட்டத்திலே கிராணியாக ஊழியம் செய்பவர். ஆங்கிலப் பள்ளியில் படித்த தோஷத்தால், தோட்டத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையும் நம் தலையில் விழுந்திருக்கிறது. நம் தோட்டத்துப் பெண் ஒருத்தி. கணவன் பட்டாளத்தில் சிப்பாய். சபா மாநிலத்துக்கு மாற்றப்பட்டுப் போனவன். முதலில் பணம் வந்தது. பிறகு கடிதம் மாத்திரம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் ஏற்பட்டுவிட்டதென்று செய்தி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வழக்கறிஞர் ஒருவரைக் கண்டு திரும்புகையில், கடையில் அமர்ந்து காகிதக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"ஐயா, அவரு செத்துட்டாருன்னா அழுது தீர்த்துடுவேன். வந்துட்டாருன்னா சோறு பொங்கி வைப்பேன். இப்ப நான் என்ன செய்யணும்னு இதுல எந்தக் காகிதத்துல போட்டிருக்கு?"

நாம் படித்த நூல்களையெல்லாம் மனத்தில் புரட்டிப் பார்த்தோம். எந்தக் காகிதத்திலும் போட்டிருக்கவில்லை.

அவள் இக்கேள்வியைக் கேட்ட இடமும் பொருத்தமான இடமே. 1786-ல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது உடன் வந்தவர்களில் இந்தியச் சிப்பாய்களும் லஸ்கர்களும் இருந்தனர். அவர்கள் தம் பெண்டு பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்தவர்கள். 1801-ல் தொடக்கங்கொண்ட பள்ளிவாசலும், சீனரின் குவான் யின் கோயிலும், வடகோடியில் 1818-ஆம் ஆண்டின் புனித ஜார்ஜ் தேவாலயமும் ஒரே சாலையில் நிற்கின்றன. அவ்வாலயத்துக்கு அப்பால் சில எட்டில் உயர் நீதிமன்றம். மணம் முடித்து வைப்பவர்கள் சாலை நெடுகிலும் இருக்கின்றனர். மணத்தை அவிழ்த்து வைக்கும் இடம் கோடியில் ஒன்றே. அந்த ஒன்றுக்குப் போகத்தான் ஏழைப் பெண்ணுக்குக் கால் கூசுகிறது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது. கார்காலம் வந்துவிட்டது, சென்ற அரசன் வரவில்லை. முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்கச் செல்கின்றனர். கட்டுண்ட கன்றுக்கு ஆய்மகள் ஒருத்தி, தாய் இப்போதே வந்துவிடும் என்று சொல்லும் சொல் நற்சொல்லாக அவர்கள் காதில் விழுகிறது. அப்பால் பாசறை: காவலுக்கு யவனர், பேச்சறியா மிலேச்சர், நாழிகைக் கணக்கர், இடையில் வாள் கட்டி விளக்கேற்றும் மகளிர். அரசனோ புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் எண்ணித் துயிலாதிருக்கிறான். முடிவில், மீளும் படையின் ஆரவாரம் அரசியின் செவியை நிரப்புகிறது.

இப்பாட்டின் அழகை மறுப்பார் யார்? துயிலாத அரசனைக் காட்டியதில் புலவரின் நெஞ்சு பெரிது. ஆயினும் ஒன்று கேட்கிறோம். அப்பாசறையில் விளக்கேற்றிய மகளிர் எவர் வீட்டுப் பெண்கள்? மாண்டுபோன வீரரை அரசன் எண்ணினான். அவர்களுடைய வாசலில் நின்றவர்களை எண்ணியவர் யார்? விரிச்சி கேட்க முதுபெண்டிரை அனுப்பும் வசதி அரண்மனைக்கு உண்டு. குடிசையில் இருப்பவளுக்கு அச்சொல் எங்கிருந்து வரும்?

நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகளில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. யானைத் தந்தத்தாற் செய்த கட்டிலில் அரசி வருந்திக் கிடக்கிறாள். மேற்கட்டியிலே திங்களைப் பிரியாத உரோகிணியின் ஓவியம். அதைப் பார்த்துப் பெருமூச்செறிகிறாள். அதே நள்ளிரவில் வாடைக்காற்றில், விளக்கு வெளிச்சத்தில், அரசன் புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் கண்டு செல்கிறான். பிரிவை ஓவியத்தாற் காட்டிய திறம் உலக இலக்கியத்திலும் அரிது. ஆனால் இங்கும் அதே குறை. புண்பட்டுக் கிடந்தவன் காலிழந்தோ கையிழந்தோ, அல்லது மனமே மாறியோ வீடு திரும்பினால், அந்த வீட்டில் என்ன நடந்தது? பாட்டு அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. இரு பாட்டுகளும் அரசன் வீட்டுப் பிரிவைப் பாடின. அரசன் மனைவிக்கு உணவுக்குக் குறைவில்லை. ஆதலால் பிரிவு அவளுக்கு உணர்ச்சி மாத்திரம். சிப்பாய் மனைவிக்குப் பிரிவு உணர்ச்சியும் ஆகும், அடுப்பும் ஆகும்.

நம் இலக்கணக்காரர் கண்ணில்லாதவர் அல்லர். கடமையின் பொருட்டுப் பிரியும் பிரிவு வேறு, பரத்தையை நாடிப் பிரியும் பிரிவு வேறு என்று தெளிவாகப் பிரித்தார்கள். ஓதல், பகை, தூது முதலியன முன்னதில் அடங்கும். இன்றைய நீதிமன்றமும் இதே வேறுபாட்டைத்தான் செய்கிறது. உத்தியோக உத்தரவால் தூரத்தில் இருப்பது 'கைவிடுதல்' ஆகாது. விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வேண்டும். ஆனால் நம் தோட்டத்துச் சிப்பாயின் கதையில் பகைவயிற் பிரிவாகத் தொடங்கியது பரத்தையிற் பிரிவாக முடிந்தது. முல்லை எந்த நாளில் மருதமாக மாறியது என்று அவள் எப்படிச் சாட்சி காட்டுவாள்?

மருதத்துக்குள் சென்றால் அங்கே ஊடல், பிறகு வாயில்கள். பாணனும் விறலியும் தோழியும் வந்து சமாதானம் சொல்வர். தலைவி கதவைத் திறப்பாள். திறக்க மறுத்த தலைவி உண்டு. ஆனால் மறுத்தபின் தன் வழியே போன தலைவி இல்லை. வாயில் மறுத்தல் என்று துறை வகுத்தவர்கள், வாயிலைக் கடந்து வெளியேறுவதற்கு ஏன் துறை வகுக்கவில்லை? இத்தனைக்கும், பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னவர் தொல்காப்பியர். வழு தோன்றியதால் கட்டும் முறையை மனிதர் வகுத்தார்கள் என்றால், கட்டிய பின்னும் வழு தோன்றும்போது அவிழ்க்கும் முறையையும் மனிதரே வகுக்க வேண்டுமல்லவா? இந்த இரண்டாவது அடியைத்தான் நம் இலக்கியம் எடுத்து வைக்கத் தயங்கிவிட்டது.

இக்காலத்து நாவலில் இத்தயக்கம் நீங்கியதா? பினாங்கையே களமாகக் கொண்ட ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' 1959-ல் நூலாக வெளிவந்தது. வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்துத் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதம் அவனை விரும்புகிறாள். தகப்பனோ, பட்டாளத்துக்குப் போனவன் இனி ஐந்தொகைக்கும் பேரேட்டுக்கும் உதவான் என்று முடிவு கட்டிப் பெண் கொடுக்க மறுக்கிறார். தாலி ஏறுவதற்கு முன்பே நடந்த மணவிலக்கு என்று இதனைச் சொல்லலாம்.

சிங்காரத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். பட்டாளம் ஒரு மனிதனை மாற்றிவிடுகிறது, ஊர் அவனைப் பழைய ஆளாக ஏற்காது என்ற உண்மையை, வீரப் புகழ்ச்சியின் போர்வையின்றித் தமிழில் எழுதிக் காட்டியவர் அவர். ஆனால் நூலை மூடிய பிறகு ஒரு குறை நெஞ்சில் நிற்கிறது. தகப்பன் தீர்மானிக்கிறார், செல்லையா துயரத்தோடு விலகுகிறான், மரகதம் அழுகிறாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. அது ஆசிரியரின் குற்றமா, அக்காலத்துச் செட்டித் தெருவின் குற்றமா என்றால், இரண்டாவதே என்று சொல்லலாம். ஆயினும் தெருவின் குற்றத்தைத் தெருவின் குற்றமாக அடையாளங் காட்டுவதும் நாவலாசிரியரின் கடமையே.

கதைக்கு வெளியே நடந்தது இன்னும் பெரிது. 1942-க்கும் 1945-க்கும் இடையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ ஆண்கள் இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனார்கள். அதனினும் பலர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போன தமிழரில் ஆயிரமாயிரம் பேர் முடிவில் வீடு வரவில்லை. வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகளில் பெயர் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளருக்குப் பெயரும் இல்லை. பெயரில்லாமல் மாண்டவனுடைய மனைவி விதவையா, சுமங்கலியா? இவளுக்கு எந்தப் புலவர் துறை வகுத்தார்?

மேனாட்டார் இம்மூன்றாவது முடிவை எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் நாம் நெட்டுருப் போட்ட டென்னிசனின் 'ஈனக் ஆர்டன்' 1864-ல் வெளிவந்தது. கடலில் காணாமற்போன கணவன் பல்லாண்டு கழித்துத் திரும்புகிறான். மனைவி ஆனி மறுமணம் செய்து நிம்மதியாய் இருப்பதைச் சன்னல் வழியே கண்டு, தன்னை வெளிப்படுத்தாமலே மடிகிறான். இளமையில் இதற்காகக் கண்ணீர் வடித்தோம். இன்று யோசிக்கையில் ஒரு சந்தேகம் வருகிறது. அவனுடைய தியாகம் பெரியதுதான். ஆனால் ஆனியின் வாழ்வைப் பற்றிய உண்மையை ஆனி அறியாமலே அவன் ஒருவனாகத் தீர்மானித்துவிட்டான். தகப்பன் தீர்மானித்த செட்டித் தெருவுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பால்சாக்கின் 'கர்னல் ஷாபெர்' 1832-ஆம் ஆண்டுக் கதை. 1807-ல் ஐலோ போர்க்களத்தில் இறந்தவனாக எழுதப்பட்ட தளபதி உயிரோடு வந்து நிற்கிறான். மனைவி ஒரு பிரபுவை மணந்து, சொத்தும் பிள்ளைகளும் பெற்றிருக்கிறாள். கதையின் முக்கியப் பகுதிகள் வக்கீல் அலுவலகத்தில் நடக்கின்றன. இங்கேதான் பால்சாக் டென்னிசனை மிஞ்சுகிறார். சிப்பாயின் மணம் முறிவது கண்ணீரால் மட்டும் அன்று, பத்திரத்தாலும் பணத்தாலும் முறிகிறது என்பதை அவர் கண்டார். தமிழ்க் கதைகளில் கோவிலைக் காண்கிறோம், குளக்கரையைக் காண்கிறோம். வக்கீல் அலுவலகத்தின் மரப்பெஞ்சியைக் காண்பது அரிது.

இவையெல்லாம் கற்பனை என்று ஒதுக்குவோர்க்கு நடந்த கதை ஒன்று சொல்வோம். 1999-ல் கார்கில் போரின் காலத்தில் இந்தியச் சிப்பாய் ஒருவர் காணாமற்போனார். இராணுவம் முதலில் அவரைப் படையை விட்டு ஓடியவர் என்று எழுதிவைத்தது. அவர் பாகிஸ்தானில் சிறைப்பட்டிருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. 2004-ல் விடுதலையாகி உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துக்குத் திரும்பினார். அதற்குள் மனைவிக்கு மறுமணம் ஆகி, அவர் நிறைகர்ப்பிணியாக இருந்தார். முதல் மணம் முறையாக முறியவில்லை என்று வாதம் எழுந்தது. பஞ்சாயத்துக் கூடியது, தொலைக்காட்சிக் கருவிகளும் கூடின. ஊர் சூழ நின்ற அச்சபையில், முதற் கணவரிடமே செல்வதாக அப்பெண் சொன்னார். 2006 தொடக்கத்தில் நோயுற்று இறந்தார். அங்கே அவரிடம் கேள்வி கேட்கப்பட்டது உண்மை. ஆனால் ஆயிரம் கண்கள் பார்க்கக் கேட்பது கேள்வியாகுமா? அவர் சமயத்தாருக்கு 1939-ஆம் ஆண்டு முதலே இந்தியாவில் ஒரு சட்டம் உண்டு: கணவன் நான்கு ஆண்டு இருக்குமிடம் தெரியாமற்போனால் மனைவி மணமுறிவு கோரலாம். அத்தீர்ப்பும் ஆறு மாதம் கழித்தே உறுதியாகும். அதற்குள் கணவன் திரும்பிவந்து இல்லறம் நடத்த ஆயத்தம் என்று மெய்ப்பித்தால் தீர்ப்பு நீங்கும். எவ்வளவு கருணையும் எச்சரிக்கையும் கலந்த ஏற்பாடு! ஏட்டில் இருந்த இவ்வழி பஞ்சாயத்துத் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

சட்டம் சிப்பாயையும் மறக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தியாவின் 1925-ஆம் ஆண்டுச் சிப்பாய் வழக்குச் சட்டம், போர்முனையிலோ அதுபோன்ற சேவையிலோ இருப்பவன்மீது அவன் இல்லாத வேளையில் தீர்ப்புச் செய்யாமல் வழக்கை நிறுத்திவைக்கச் சொல்கிறது. நியாயமே. எல்லையில் நிற்பவனுக்கு முதுகில் தீர்ப்பு விழலாகாது. 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின்படி சிப்பாயின் சம்பளத்தை நீதிமன்றம் நேரே ஜப்தி செய்ய முடியாது. ஆனால் மனைவி மக்களின் ஜீவனத்துக்காக அதிலிருந்து பிடித்துக் கொடுக்க இராணுவ அதிகாரத்துக்கு வழி வைத்திருக்கிறது. ஆகவே சிப்பாய் மனைவி அறிய வேண்டியது, நீதிமன்றக் கதவு ஒன்று, படைத் தலைமையின் கதவு மற்றொன்று என்பதே. படைகளில் வழங்கும் ஒரு குற்றச்சாட்டின் மொழியையும் இங்கே கவனிக்கலாம்: 'சக அதிகாரியின் மனைவியின் அன்பைத் திருடுதல்.' 2018-ல் பிறன்மனை கூடுதல் குற்றவியற் குற்றமன்று என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல், படைகள் தம் ஒழுங்கு நடவடிக்கையைத் தொடர அது தடையன்று என்றும் விளக்கியது. ஒழுங்கு வேண்டும்தான். ஆனால் அன்பு திருடப்படும் பொருளானால், மனைவி பெட்டியா, பேழையா? இலக்கிய விமர்சகன் சட்டத்தைத் திருத்த முடியாது. சொல்லைத் தட்டிக் கேட்கலாம்.

பிரிட்டனிலும் போர் இதே கணக்கைத் தீர்த்தது. 1942-ல் படையினருக்கென்றே மணவிலக்குப் பிரிவு ஒன்றை வழக்கறிஞர் சங்கம் அமைத்தது. போருக்கு முன் 1938-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 6,000 ஆக இருந்த மணவிலக்கு 1947-ல் சுமார் 60,000 ஆயிற்று. அந்நாட்டார் அதற்காக அழிந்துபோகவில்லை.

மலேசியாவுக்கு வருவோம். முஸ்லிம் அல்லாதாருக்கு 1976-ல் இயற்றிய திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இருவரும் மனமொத்தால், மணமாகி இரண்டாண்டுக்குப் பின் கூட்டாக மனுச் செய்யலாம். ஒத்துவராவிடில், மணவாழ்வு மீட்க முடியாதபடி முறிந்ததை மெய்ப்பிக்க வேண்டும்: பிறருடன் கூடி வாழ்தல், பொறுக்கவொண்ணா நடத்தை, இரண்டாண்டுக் கைவிடல், இரண்டாண்டுப் பிரிந்து வாழ்தல் ஆகியவை நீதிமன்றம் நோக்கும் காரணங்கள். ஏழாண்டு செய்தியே இல்லையானால் இறந்ததாகக் கொண்டு மணத்தை நீக்கக் கோரலாம். தீர்ப்பும் பொதுவாக மூன்று மாதம் கழிந்தே உறுதியாகும். முஸ்லிம்களுக்கு அந்தந்த மாநிலத்துச் சட்டமும் ஷரியா நீதிமன்றமும் உண்டு; கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில், கணவன் இருக்குமிடம் ஓராண்டுக்கு மேல் தெரியாமற்போனால் மனைவி ஃபஸ்கு கோரலாம்.

ஒருதலையாக மனுச் செய்வோர் முதலில் சமரசக் குழு முன் செல்ல வேண்டும் என்கிறது 106-ஆம் பிரிவு. மருதத்தின் வாயில்கள் சட்டப் புத்தகத்தில் மறுபிறவி எடுத்துவிட்டன! ஆனால் சட்டம் நம் புலவர்களைவிட ஓரடி முன்னே சென்றிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வாயில்கள் தம் வேலையை முடித்துச் சான்று கொடுக்க வேண்டும். அதற்கப்பால் அவளுக்கு வழி திறக்கும். கைவிட்டவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் வரமாட்டானானாலும், அழைத்தும் வேண்டுமென்றே வராவிட்டாலும் குழுவுக்குப் போகாமலே மனுச் செய்யலாம். ஐ.நா. படையோடு லெபனான் சென்றவனுக்கு இரண்டாவது விலக்குப் பொருந்தலாம். சபாவில் இருப்பவனுக்கோ இருக்குமிடம் தெரியும், வெளிநாடும் அன்று. அவன் வராதது வேண்டுமென்றா, காவற்கடமையாலா? இந்த ஒரு சொல்லில்தான் நம் தோட்டத்துப் பெண்ணின் ஆண்டுகள் சிக்கிக் கிடந்தன. குறித்த நாளில் ஓர் அலுவலகத்துக்குச் சம்பளத்தை இழந்து போவாள். அவன் வரவில்லை என்று வேறு நாள் தருவார்கள். ஒரு நாள் நடைக்கு ஒரு நாள் கூலி.

நாம் அவளுக்காக இரண்டு கடிதங்கள் எழுதினோம். ஒன்று, குழுவின் அழைப்பும் தேதியும் அவனிடம் சேர்ந்தனவா, அந்நாட்களில் விடுப்புக் கேட்டானா என்று அவனுடைய மேலதிகாரிக்கு. மற்றொன்று, அவ்விடை கிடைத்ததும் அதை மனுவோடு சேர்க்கும்படி வழக்கறிஞருக்கு. விடுப்புக் கேட்கவே இல்லை என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியே அவளுக்கு விரிச்சியாயிற்று. மனு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. முடிவு இன்னும் தெரியாது.

கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அவள், "ஐயா, இதுல 'கைவிடப்பட்டவள்'னு போட்டிருக்கீங்க. நானும் விட்டுட்டேன்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க" என்றாள். சட்டத்துக்கு அவ்வரி தேவையில்லை; சொல்லப்போனால் கைவிட்டது அவன் ஒருவனே என்ற வாதத்தை அது கெடுக்கவும் கூடும். ஆதலால் சேர்க்கவில்லை. ஆனால் நாம் படித்த முல்லையிலும் மருதத்திலும் தேடிக் கிடைக்காத வரி அதுவே என்பது அப்போது புரிந்தது.

நேயர்களே, தமிழில் எழுதும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கற்பைப் பாடவேண்டாம் என்று சொல்லவில்லை. காத்திருந்தவளின் பெருமையைக் குறைக்கவும் இல்லை. விரும்பிக் காத்திருப்பது கற்பாகலாம். வேறு வழி அறியாமல் காத்திருப்பது சிறை. எது எதுவென்று பிரித்துக் காட்டுவது இலக்கியத்தின் வேலை. அவ்வேலையை நாம் செய்யாத வரையில், தோட்டத்துப் பெண் நீதிமன்றப் படியேறும்போது அவளுக்குத் துணையாக ஒரு கதைகூட நம்மிடம் இராது. அவள் எழுதச் சொன்ன அந்த வரியை மனுவில் எழுத இயலவில்லை. இங்கேனும் எழுதிவைக்கிறோம்: அவளும் விட்டுவிட்டாள்.